ஆட்டிசம்: வாசிக்கத் தேடும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே தேடல் தொடங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க கூகுள். ஒரு வாரத்துக்குள் சித்தப்பா ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து வைப்பார், வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் குவியும். தேடுவது நல்லதுதான். ஆனால் அம்மா, அப்பா, தாத்தா, டியூஷன் டீச்சர் என்று எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பற்றி வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளை கையில் எடுத்து வாசிக்க வீட்டில் ஒன்றும் இருப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருகிறவைதான்.

முதலில் சுலபமாகத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்று: புத்தகம் எந்த ஆண்டு வந்தது என்று பார்க்காமல் வாசிப்பது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் ஒன்று, பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற எண்ணத்தை ஊரெங்கும் பரப்பியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பாவான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்த விஷயம் என்று வாதிட்டிருந்தார். அறிவியல் அவர் பக்கம் போய்விட்டது. நம் வீடுகளில் மட்டும் ‘நீ வேலைக்குப் போனதால்தான்’, ‘போனைக் கையில் கொடுத்ததால்தான்’ என்று அந்தப் பழைய பழி அம்மா தலையில் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. 2013க்கு முந்தைய புத்தகங்களில் ஆஸ்பெர்கர் என்பது தனி நோயறிதலாக இருக்கும். அந்த ஆண்டு வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு அதையும் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. பழசு என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ஆண்டைப் பார்த்துவிட்டு வாசித்தால் போதும்.

ஆட்டிசத்தை வைத்துப் பயமுறுத்தும், ‘குணமாக்கும்’ வகையறா பற்றி நீட்டப் போவதில்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. ஸ்டெம் செல் சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகும் என்ற விளம்பரத்துக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலே பதில்: சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் அது முறையான ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்கலாம். ஆய்வில் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, யார் எழுதியது என்று பார்க்காதது. டாக்டர்களும் பெற்றோரும் எழுதியதை மட்டும் வாசித்தால் வெளியிலிருந்து தெரிவது மட்டும்தான் தெரியும். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1986இலேயே தன் வாழ்க்கையை எழுதினார். ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்றார். இருவரும் ஆட்டிசம் உள்ளவர்கள். பதின்ம வயதுப் பிள்ளை இப்படிப்பட்ட ஒன்றை வாசிக்கும்போது, தனக்கு மட்டும் நடப்பதாக நினைத்த பல விஷயங்கள் வேறொருவருக்கும் நடப்பது தெரிகிறது. ஆனால் ஒருவர் எழுதியதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. கிராண்டின் படங்களாகச் சிந்திப்பவர். உங்கள் மகள் எண்களாலோ பாட்டாலோ சிந்திக்கலாம். இன்னொன்று: பேசாத ஒருவர் எழுதியதாக வரும் புத்தகங்களில், எழுதும்போது வேறு யாராவது அவர் கையையோ தோளையோ பிடித்திருந்தார்களா என்று பாருங்கள். அந்த முறையில் வரும் சொற்கள் பிடித்திருப்பவருடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்பியல் சங்கமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி, வீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் வாசிப்பு. ஓர் இடத்தில் என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்பே சொல்லும் சின்னக் கதை; சோஷியல் ஸ்டோரி என்று தெரபி சென்டர்களில் சொல்வார்கள். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது பெரும்பாலும் அதட்டலாக மாறிவிட்டது. இப்படித்தான் எழுதுகிறோம்:

‘சலூனில் ஆடாமல் உட்கார வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள். சமர்த்தாக இருந்தால் ஐஸ்கிரீம்.’

இதில் சலூனைப் பற்றி ஒரு தகவல்கூட இல்லை. பிள்ளைக்குப் பயம் வருவதே அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால். கிரே சொன்னது, விவரிக்கும் வாக்கியங்கள் கட்டளை வாக்கியங்களைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும் என்று. அப்படி எழுதினால்:

‘மாதம் ஒருமுறை நானும் அப்பாவும் சலூனுக்குப் போவோம். சில நாள் கூட்டம் இருக்கும், பெஞ்சில் காத்திருப்போம். கடைக்கார அண்ணன் கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவார். கத்தரிக்கோல் கிரிச் கிரிச் என்று சத்தம் போடும். ட்ரிம்மர் காதுக்குப் பக்கத்தில் உறுமும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. ட்ரிம்மர் வேண்டாம் என்று நான் சொல்லலாம், இல்லை கையைக் காட்டலாம். வெட்டிய முடி கழுத்தில் குத்தும். வீட்டுக்கு வந்ததும் குளித்தால் போய்விடும்.’

கடைசியில் ‘நான் அழ மாட்டேன்’ என்று சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். ‘ட்ரிம்மர் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கேட்டு நிறுத்தச் சொல்லி கடைக்காரரிடம் முன்பே பேசி வைக்க வேண்டியது உங்கள் வேலை. எழுதியது ஒருமுறை பொய்யானால் அடுத்த கதையை அந்தப் பிள்ளை நம்பாது. ஊசி வலிக்காது என்று எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘எப்போதும்’ என்ற இடத்தில் ‘பெரும்பாலும்’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் சலூன் பூட்டியிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை வீடே ரெண்டுபட்டுவிடும். நீங்கள் எழுதும் கதைகளில் பாதியாவது, பிள்ளை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்டுவதாக இருக்கட்டும் என்பதும் கிரே சொன்னதுதான். நம் ஊரில் இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம். எழுதும் தமிழும் முக்கியம். ‘வர்றாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வருகின்றனர்’ இன்னொரு மொழி மாதிரி. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் பேசுகிறபடியே எழுதிக் கொடுத்தால் ஒரு குற்றமும் இல்லை, தமிழாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

சரளமாக வாசிப்பதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. மூன்று வயதில் கடைப் பலகையெல்லாம் வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. ஹைப்பர்லெக்சியா என்பார்கள்: எழுத்து வேகமாக வரும், பொருள் பின்னால் மெதுவாக வரும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது’ என்று பதில் வரும்; கேள்வியிலேயே பதிலை நாமே கொடுத்துவிட்டோம். ‘மீனா குடையை மறந்துவிட்டாள். தொப்பலாக நனைந்து வந்தாள்’ என்று வாசிக்கக் கொடுத்து, மழை பெய்ததா என்று கேட்டுப் பாருங்கள். ‘அப்படிப் போடலையே’ என்பான். உண்மையில் போடவில்லைதான். சொல்லாமல் விட்டதை ஊகிப்பதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டும்: படங்களை வரிசையாக அடுக்கச் சொல்வது, நடித்துக் காட்டச் சொல்வது, அடுத்து என்ன ஆகும் என்று இரண்டு படத்தில் ஒன்றை எடுக்கச் சொல்வது. இதன் மறுபக்கமும் இருக்கிறது. பேசாத பிள்ளைக்கு வாசிக்க வராது என்று முடிவுகட்டி, புத்தகமே கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். சொல்லை அதற்கான படத்தோடு சேர்க்கச் சொல்லிப் பார்த்தாலே பல வீடுகளில் ஆச்சரியம் காத்திருக்கும். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற படம்-சொல் செயலிகள், தொட்டுப் பேசவும் உதவும், சொல்லைப் பார்த்துப் பழகவும் உதவும்.

பதினைந்து வயதுப் பையனிடம் முயல்-ஆமை படக்கதையை நீட்டாதீர்கள். மொழி எளிதாக இருக்கலாம், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும். ரயில்வே கால அட்டவணை, கிரிக்கெட் ஸ்கோர், மிக்ஸியோடு வந்த குறிப்பேடு எல்லாம் வாசிப்புதான். மாதவிடாய், ஷேவிங், யார் எங்கே தொடலாம், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் ஆகியவற்றைப் படத்தோடும் உறுப்புகளின் சரியான பெயரோடும் எழுதி, அந்த மாற்றங்கள் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டு ‘அங்கே’, ‘அது’ என்று எழுதினால் நேர்ப்பொருளில் வாசிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

ஆட்டிசம் என்ற சொல்லையே பிள்ளையிடமிருந்து மறைப்பதும் நடக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஃபைலில் இருக்கும் ரிப்போர்ட்டை வாசிக்கும், வாசித்திருக்கும். அதில் ‘குறைபாடு’, ‘இயலாமை’ என்று பக்கம் பக்கமாக இருப்பதைத் தனியாக வாசிப்பதைவிட, எது கஷ்டம், எது நன்றாக வரும், என்ன உதவி கிடைக்கும் என்று நீங்கள் எழுதிய ஒரு பக்கம் அதற்கு முன்னால் கைக்கு வருவது நல்லது. அண்ணன், தங்கைக்கும் அதில் ஒரு பிரதி.

கடைசியாக, வெளிநாட்டுக் கையேடுகள். அமெரிக்கப் புத்தகம் சொல்லும் பள்ளிச் சட்டமும் காப்பீடும் இங்கே செல்லாது. இங்கே வாசிக்க வேண்டியவை 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும். முதல் சட்டத்தின் வழியேதான் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான நிராமயா மருத்துவக் காப்பீடு வருகிறது. சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. பதினெட்டு வயது முடிந்தவருக்குச் சட்டப்படியான காப்பாளரை (கார்டியன்) நியமிக்கும் உள்ளூர்க் குழுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் பதினெட்டு ஆனதும் எல்லோரும் கட்டாயம் காப்பாளர் வாங்கியாக வேண்டும் என்று எங்கும் இல்லை. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு, அந்த இளைஞரும் காப்பாளரும் சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைச் சொல்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிடுங்கள். உங்கள் மகனுக்கோ மகளுக்கோ எது தேவை என்பதை அவர்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.