எக்ஸியன்ட் என்றால் மேடை காலியாகிவிடுமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆண்டுவிழா நெருங்கினால் ஏதாவது ஒரு பள்ளி அரங்கில் ஷேக்ஸ்பியர் காட்சி ஒன்று ஒத்திகையில் இருக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும். உள்ளே கம்பளியை ராஜ அங்கியாகப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் வசனம் பேசுவார்கள். வசனம் எப்படியோ மனப்பாடமாகிவிடுகிறது. தடுமாற்றம் வருவது சாய்வெழுத்தில் அச்சாகும் சின்னஞ்சிறு மேடைக்குறிப்புகளில்தான். எக்சிட், எக்ஸியன்ட், மேனெட், சோலஸ் ஆகிய நான்கும் லத்தீன் சொற்கள்.

அரங்க வாசலில் எரியும் எக்சிட் பலகையைப் பார்த்தே வளர்ந்ததால், அதை ‘வெளியேறும் வழி’ என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். நாடகப் பிரதியில் அது ஒரு வினைமுற்று: ‘அவர் வெளியே செல்கிறார்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். எக்ஸியன்ட் அதன் பன்மை: ‘அவர்கள் வெளியே செல்கிறார்கள்’. முதல் எழுத்துகளை அழுத்தி எக்-ஸி-யன்ட் என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டும். நடிகர் இதை வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைப்போம். முதல் வாசிப்பு ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள்.

பெரிய தவறு வேறு. எக்ஸியன்ட் என்று கண்டதும் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். வெறுமனே நின்றால் பெரும்பாலும் அதுதான் பொருள். ‘எல்லோரும்’ என்பதை அழுத்திச் சொல்ல, பின்னால் ஆம்னெஸ் என்ற சொல்லும் வரும். ஆனால் பெயர்கள் சேர்ந்து வந்தால் அந்தப் பெயருக்குரியவர்கள் மட்டுமே போக வேண்டும். போகாமல் தங்குபவரின் பெயர் தனியே வருவதும் உண்டு. ஹாம்லெட்டின் முதல் அங்கம் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பான, 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோ பதிப்பில் அரசனும் அவையோரும் போகும் இடத்தில் எக்ஸியன்ட் என்றும், உடனே ‘மேனெட் ஹாம்லெட்’ என்றும் இருக்கிறது. மேனெட் என்றால் ‘தங்குகிறார்’. கூட்டம் கலைகிறது, துக்க உடையில் இளவரசன் மட்டும் நிற்கிறான், தன் உடல் உருகிக் கரைந்துபோகக் கூடாதா என்று புலம்பத் தொடங்குகிறான். இங்கே அவனையும் உள்ளே அனுப்பி, பிறகு தனியாக வரவழைத்தால் காட்சியே கெட்டுவிடும். எல்லோரும் போன பிறகும் அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை என்பதல்லவா அங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டியது!

மேனெட்டை ஒரு பாத்திரத்தின் பெயர் என்று நினைத்து நடிகர் பட்டியலில் சேர்க்கும் பிள்ளைகளும் உண்டு. அதற்குக் கோபிக்க வேண்டியதில்லை. அந்த ஃபோலியோவே இலக்கணத்தில் அவ்வளவு ஒழுங்கில்லை. ஜூலியஸ் சீசரில் புரூட்டஸும் காசியஸும் மேடையில் தங்கும் இடத்தில் பன்மையான மேனென்ட் வந்திருக்க வேண்டும்; அச்சானதோ மேனெட். பலர் போகும் இடத்தில் எக்சிட் என்று இருப்பதும் உண்டு. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இவற்றைத் திருத்தினார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் பாடநூலின் குறிப்பு ஷேக்ஸ்பியரின் கைப்பட வந்தது என்று நம்பி அடம்பிடிக்காதீர்கள்.

சோலஸ் என்றால் ‘தனியாக’, பெண்ணுக்கு சோலா. மூன்றாம் ரிச்சர்டு நாடகம் ரிச்சர்டு சோலஸாக மேடைக்கு வருவதில்தான் தொடங்குகிறது. இந்தச் சொல் புரியாமல் விழிப்பதும் புதிதல்ல. ஐந்தாம் ஹென்றியில் ‘உன்னை சோலஸாகச் சந்திக்க வேண்டும்’ என்கிறான் நிம் என்ற பாத்திரம். ஏதோ வசைச்சொல் என்று எண்ணி, எதிரே நிற்கும் பிஸ்டல் என்பவன் குதிகுதியென்று குதிக்கிறான்.

இன்னொரு தவறு, லத்தீன் சொல்லில் இல்லாததை அதில் ஏற்றுவது. யார் போகிறார் என்பதை மட்டுமே எக்சிட் சொல்லும். ஓடினாரா, தளர்ந்து நடந்தாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதை ஒட்டிவரும் ஆங்கிலத்திலும் வசனத்திலும்தான் தேட வேண்டும். ‘குளிர்காலக் கதை’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஆன்டிகோனஸ் ‘கரடி துரத்த வெளியேறுகிறார்’ என்ற குறிப்பு உலகப் புகழ்பெற்றது. மற்ற ஊர்களில் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் கரடி நடமாடும் கோத்தகிரியில் அவ்வளவாகச் சிரிப்பு வராது. ‘செவரலி’ என்ற ஆங்கிலச் சொல் சேர்ந்து வந்தால் தனித்தனி வழியாகப் போக வேண்டும். ‘பலர்’ என்ற பொருள் அல்ல. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் இருந்த ஸ்வான் அரங்கை 1596 வாக்கில் வரைந்த படத்தில் மேடைக்குப் பின்னால் இரண்டு கதவுகள் தெரிகின்றன. நம் பள்ளி அரங்கில் பக்கவாட்டில் ஒரே கதவுதான் என்றால், ஒருவரைப் பார்வையாளர் நடுவே இறக்கிவிடுங்கள். இருவரும் ஒரே கதவில் இடித்துக்கொண்டு போனால், சண்டையிட்டுப் பிரிந்தவர்கள் சமாதானமாகிவிட்டது போல் தெரியும்.

கடைசியாக, திரை. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் பகல் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது, முன்திரை கிடையாது. ஒரு காட்சி முடிந்ததற்கு அடையாளமே மேடை காலியாவதுதான். அதனால் செத்தவரும் எழுந்து நடக்க முடியாது, யாராவது தூக்கியாக வேண்டும். ஹாம்லெட் பொலோனியஸின் உடலை இழுத்துக்கொண்டு போவதும், இறுதியில் நான்கு படைத்தலைவர்கள் ஹாம்லெட்டையே சுமந்து செல்வதும் இதனோடு சேர்ந்தவை. அணிவகுத்து வெளியேறுகிறார்கள், பிறகு பீரங்கி முழங்குகிறது என்கிறது அந்த முடிவுக் குறிப்பு. நம்மவர்கள் ஹாம்லெட் விழுந்ததும் திரையை இழுத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் புரிகிறது. என்றாலும் அந்த ஊர்வலம் நாடகத்தின் பகுதி. அதை வெட்டுவதைவிட நடுவில் நான்கு வசனங்களைக் குறைக்கலாம்.

தமிழில் சொந்தமாக நாடகம் எழுதுகிறவர்கள் பந்தாவுக்காக எக்ஸியன்ட் போட வேண்டாம். சமஸ்கிருத நாடகங்கள் அங்கத்தின் முடிவில் ‘நிஷ்க்ராந்தா: ஸர்வே’ என்று தம் மொழியிலேயே இதைச் சொல்லிக்கொண்டன. ‘எல்லோரும் செல்கின்றனர்’ என்று எழுதுங்கள். யாராவது நிற்க வேண்டுமானால் அவர் பெயரையும் எழுதுங்கள்.