வெயிலை வைத்துக் கொழும்பைச் சுற்றுவது: புதிதாகக் குடிவந்த இருவருக்கு இரண்டு நாள்

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்குக் குடிவருபவர்கள் பலர் மாதக்கணக்கில் வீடு, அலுவலகம், சுப்பர்மார்க்கெட் என்ற முக்கோணத்தை விட்டு வெளியே வருவதில்லை. காரில் போனால் இந்த ஊர் பிடிபடாது, நடக்க வேண்டும். எப்போது நடப்பது என்பதை வெயில்தான் தீர்மானிக்கும். காலை பதினொன்றுக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும் வெளியே. இடைப்பட்ட நேரம் கூரைக்குக் கீழே.

முதலில் கலண்டரைப் பாருங்கள். நீங்கள் போகும் சனி, ஞாயிறில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் வேறு வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள், பல கடைகள் பூட்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. ஒக்டோபர், நவம்பரில் காலையில் சுட்டெரித்துவிட்டுப் பின்னேரம் இடியோடு கொட்டும், ஆகவே குடை இரண்டுக்கும் உதவும். இருவருக்கும் சேர்த்து இரண்டு லீற்றர் தண்ணீர், சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு, தோளும் முழங்காலும் மூடும் உடுப்பு. காசில் ஐம்பதும் நூறும் நிறைய இருக்கட்டும். பஸ் நடத்துநரிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றித் தர அவரிடம் இருக்காது.

கடைத்தெருக்கள் நிறைந்த புறக்கோட்டையைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். ஞாயிறில் பெரும்பாலான கடைகள் பூட்டு, நடைபாதை வியாபாரம்தான் நடக்கும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ரயில் ஏறினால் கோட்டை வரை கரையோரப் பாதை. வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், இறங்கும் நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள். வார இறுதியில் ரயில் குறைவு. நேரம் ஒத்துவராவிட்டால் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்கே போகும்.

கோட்டை நிலையத்திலிருந்து மெயின் வீதி, செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடை வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். நிற்காமல் நடந்தால் அரை மணித்தியாலம் போதும், ஆனால் இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். எட்டரைக்கு இறங்கினால் கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது நாட்டாமைகளின், அதாவது சுமை தூக்குபவர்களின், கைவண்டி. ஆளுயரத்துக்குத் துணிக்கட்டு ஏற்றிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கடை வாசலில் ஏறிவிடுங்கள். படம் எடுப்பதும் வாசலில் நின்றுதான். இருவரும் கைகோத்து நடக்க இடமில்லை, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். கட்டத் தொடங்கியது 1908இல். உள்ளே போக விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். அங்கிருந்து மெயின் வீதிக்கு வந்து கிழக்கே போனால் செட்டியார் தெரு தொடங்கும். நகைக்கடைகளுக்கு நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைத் தவறவிடாதீர்கள். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. வெளியே தகிக்கும்போதும் தூண்களுக்கிடையே இருளும் குளிர்ச்சியும். நண்பகலில் நடை சாத்துவார்கள், பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள். வெளித் தரை அதற்குள் சுடும், நிழல் பட்ட ஓரமாக நடங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

களைப்புக்குச் செவ்விளநீர். குடித்து முடித்ததும் கோம்பையைத் திருப்பிக் கொடுத்து, "வழுக்கை இருக்கா அண்ணை?" என்று கேளுங்கள். இரண்டாகப் பிளந்து, மட்டையிலிருந்தே ஒரு சீவல் வெட்டிக் கரண்டியாகத் தருவார். மத்தியானம் சைவக் கடையில் சோறு, பிறகு வீடு, நித்திரை. இந்த ஓய்வைத் தவிர்த்தவர்களுக்கு மாலைக்குள் தலையிடி வந்து மறுநாளும் கெட்டுவிடும்.

காலிமுகத்திடலுக்கு ஐந்து மணிக்கு முன் போகவே வேண்டாம், நிழலுக்கு ஒதுங்க இடம் இல்லை. சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து ஆறுக்குச் சற்று முன்னிருந்து ஆறரை வரை. இறால் வடையை அடுக்கிலிருந்து எடுத்தபடியே வாங்காதீர்கள். முன்பே பொரித்து வைத்தவை கடல் காற்றில் நமுத்துப்போகும். எண்ணெயில் மறுபடி போடச் சொல்லுங்கள், ஓரம் மொறுமொறுவென்று வரும். வெங்காயமும் மிளகாயும் மேலே போட்டுத் தருவார்கள். கடலில் குளிக்கும் இடமல்ல இது.

ஞாயிறு காலை எட்டுக்கு விகாரமகாதேவி பூங்கா. பெரிய மரங்கள், நடக்க இதம். ஒன்பது மணிக்குப் பக்கத்திலுள்ள தேசிய நூதனசாலைக்குப் போங்கள். ஆளுநர் கிரெகரி காலத்தில், 1877இல் திறந்தது. டிக்கெட் விலை உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு வேறு. வதிவிட விசா இருந்தால் காட்டிக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் சோர்ந்துவிடும், மூன்றே மூன்று போதும்: கண்டி அரசரின் சிம்மாசனம், பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலச் சிலைகள், காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. கல்வெட்டுக்கு மட்டும் கால் மணித்தியாலம் கொடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், அதில் உள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் திருமாலின் வடிவமான தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை. எழுத்து ஆழமில்லாதது, நேரே நின்றால் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள், வெளிச்சம் விளிம்பில் பட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும். அறுநூறு ஆண்டு பழைய தமிழில் உங்களால் எத்தனை சொல் வாசிக்க முடிகிறது என்று இருவரும் முயன்று பாருங்கள்.

பின்னேரம் நாலரை அளவில் மறுபடி ரயில், இம்முறை தெற்கே கல்கிசைக் கடற்கரைக்கு. வலப்பக்க யன்னல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை மூர்க்கமாக இருக்கும், நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். அந்த மாதங்களில் கணுக்கால் நனைய நின்றால் போதும். திரும்புவதற்கான ரயில் நேரத்தைக் கடற்கரைக்குப் போகுமுன் நிலையத்திலேயே பார்த்து வையுங்கள். தவறினால் காலி வீதிக்கு நடந்து 100 அல்லது 101.