கோப்புறையிலிருந்து முகவரிக்கு: சிறு இணையத்துக்கான ஹோஸ்டிங் கருவி செய்யும் முறை

தம் பத்துப் பக்கங்களை இணையத்தில் வைக்க விரும்பும் ஒருவருக்கு டேட்டாபேஸ் தேவையில்லை. ஒரு கோப்புறையும் அதற்கொரு முகவரியும் போதும். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள படிகளைக் குறைப்பதுதான் ஹோஸ்டிங் கருவியின் வேலை. ஐம்பது பேருக்குப் போதுமான கருவியை ஒரு சிறிய லினக்ஸ் சர்வரில் செய்துவிடலாம்.

முதலில் கேடி என்னும் சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். பாதுகாப்பான இணைப்புக்குரிய எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கி, காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொள்ளும். ஆளுக்கொரு சப்டொமைன் (பொது முகவரியான டொமைனுக்கு முன்னால் அவரவர் பெயர் சேர்ந்த முகவரி) கொடுப்பதற்கு, முகவரிகளை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறியிட்ட ஒரே பதிவு போதும். எல்லாவற்றுக்கும் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு 2018 முதல் இலவசமாகவே தருகிறது. ஆனால் டொமைன் உங்களுடையது என்பதை டிஎன்எஸ் வழியாகத்தான் நிரூபிக்க வேண்டும் என்பதால், உங்கள் டிஎன்எஸ் சேவைக்குரிய செருகுநிரல் சேர்ந்த கேடியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நுழைவுப் பக்கத்தை மட்டும் வேறொரு டொமைனில் வையுங்கள். ஒரு சப்டொமைனில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தாய் டொமைனுக்கே குக்கி (உலாவி நினைவில் வைக்கும் சிறு தகவல்) எழுதி, உள்நுழைவில் குறுக்கிட முடியும். நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2013-இல் பயனர் பக்கங்களைத் தனி டொமைனுக்கு மாற்றியது இத்தகைய ஆபத்துகளைத் தவிர்க்கத்தான்.

அடுத்தது, பயனர் அனுப்பும் ஜிப்பை விரிப்பது. இரண்டு புள்ளிகளைக் கொண்டு மேல் கோப்புறைக்கு ஏறப் பார்க்கும் பெயர்களை மறுக்க வேண்டும். விரிந்தபின் வரும் மொத்த அளவுக்கும் வரம்பு வைக்க வேண்டும். இவை எல்லாக் கையேடுகளிலும் உண்டு. நமக்கே உரிய தொல்லை தமிழ்க் கோப்புப் பெயர்களில் இருக்கிறது. ‘கொக்கு’ என்ற பெயரின் முதல் எழுத்தை, க-வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்திலோ முன்னது 6 பைட், பின்னது 9 பைட். லிங்க் ஒரு வடிவிலும் கோப்பு மற்றொரு வடிவிலும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்புக்கு சர்வர் 404 (கிடைக்கவில்லை) என்று பதில் சொல்லும். ஆகவே விரிக்கும்போதே பெயர்களையெல்லாம், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் இது ஒரு வரி வேலை. பிறர் எழுதிய பக்கத்தைக் கேட்காமல் திருத்துவது எனக்கு உவப்பில்லை என்பதால், உள்ளிருக்கும் லிங்க்குகளைச் சரிபார்த்துப் பொருந்தாதவற்றைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன். சில ஜிப் கருவிகள் பெயர் யுடிஎஃப்-8 என்ற அடையாளத்தை இடாமல் விட்டுவிடும். அப்போது பைத்தான் அதை சிபி437 என்ற பழைய குறியாக்கமாகக் கொண்டு உருத்தெரியாமல் ஆக்கும். அதே சிபி437 வழியாகப் பைட்டுகளாக்கி யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் பெயர் மீண்டு வரும்.

விரித்ததைப் பழைய கோப்புறையின் மேலேயே கொட்டாதீர்கள். புதிய கோப்புறையில் வைத்து, அதைச் சுட்டும் குறுக்குவழியான சிம்லிங்க்கைத் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, பிறகு உரிய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் அந்தப் பெயர் மாற்றம் ஒரே கணத்தில் முடிவதால், பாதி பழையதும் பாதி புதியதுமான தளத்தை வாசகர் காண நேராது. முந்தைய கோப்புறை அங்கேயே இருப்பதால் ‘பழையபடி ஆக்கு’ என்ற பொத்தானும் செலவின்றிக் கிடைத்துவிடும்.

கோப்பை ஏற்றும் பக்கத்தில் இழுத்துப் போடும் கட்டத்தை மட்டும் வைத்தால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவரும் திரைவாசிப்பானில் கேட்டுப் பயன்படுத்துபவரும் வெளியே நிற்க நேரும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் இயங்கும் சாதாரணக் கோப்புத் தேர்வுப் பெட்டியும், அதற்கு முறையான லேபிளும் கட்டாயம் இருக்கட்டும். பிழைச் செய்தி, ‘பதிவேற்றம் தோல்வி’ என்று நின்றுவிடாமல், ‘முகப்புப் பக்கம் மேல் கோப்புறையில் இல்லை, படங்கள் என்ற உட்கோப்புறையில் இருக்கிறது’ என்று இடத்தைச் சொல்ல வேண்டும், நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது.

கடைசியாக, ‘என் தளத்தை ஜிப்பாகக் கொடு’ என்ற பொத்தான். 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்ற தனிநபர் பக்கங்களுக்கான ஹோஸ்டிங் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, தன்னார்வலர்கள் இரவு பகலாக அதன் பக்கங்களைப் பிரதி எடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உங்கள் பொத்தான் தரும் ஜிப்பை வேறொரு சர்வரில் விரித்து, ‘கொக்கு’ அங்கேயும் திறக்கிறதா என்று பார்த்தபின் பயனர்களை அழையுங்கள்.