வேலையை விடாமல் ஆன்லைனில் எம்.ஏ. கம்யூனிகேஷன்: பாடத்தைவிடப் படுத்தும் இனிஷியல்

கம்யூனிகேஷனையும் லீடர்ஷிப்பையும் சேர்த்து ஒரே முதுகலைப் பட்டமாகத் தருவது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தான். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இருக்கும் கொன்ஸாகா அதில் நன்கு தெரிந்த பெயர், ஆன்லைனில் படிக்கலாம். டாலரில் கட்ட முடிகிறவர்களும், கம்பெனி கட்டிவிடும் பாக்கியசாலிகளும் அந்தப் பக்கம் போங்கள். அதற்கு முன் ஒன்று: பின்னால் இங்கே அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ அந்தப் பட்டத்தைக் காட்டும் எண்ணம் இருந்தால், ஆன்லைன் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பார்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவு மற்றவர்களுக்கு. இங்கேயே, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தோடு ஆன்லைனில் எம்.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் படித்துக்கொண்டு, லீடர்ஷிப் பகுதியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வழி. நான் போனதும் இதே வழிதான்.

படி 1: பணம் கட்டும் முன் ஒரு வெள்ளோட்டம்

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் லீடர்ஷிப், பிசினஸ் கம்யூனிகேஷன் என்று தேடி ஏதாவது ஒன்றில் சேருங்கள். படிக்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்கு 1000 ரூபாய், அதுவும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாராவாரம் வரும் அசைன்மென்ட்டுகளில் சிறந்த எட்டை எடுத்து 25 சதவீதம், மீதி 75 தேர்வுக்கு. அந்த வாராந்திரக் கெடுவை ஆபீஸ் வேலையோடு சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை என்றால் இரண்டு வருட எம்.ஏ.வை இப்போதைக்குத் தொடாதீர்கள். முடிந்தால் அதுவே உங்கள் லீடர்ஷிப் பகுதி. சில பல்கலைக்கழகங்கள் ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டை (ஒரு பாடத்தை முடித்தால் பட்டக் கணக்கில் சேரும் புள்ளி) எடுத்துக்கொள்கின்றன, ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள யுஜிசி விதியே இடம் தருகிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் எடுக்குமா என்பது வேறு கேள்வி, சேரும் முன்பே கேளுங்கள்.

படி 2: பட்டியலைப் பார்ப்பது

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் படிப்பின் பெயர், ஆன்லைன் என்ற முறை, நீங்கள் சேரும் பருவம் (ஜனவரியா, ஜூலையா), மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தொலைநிலை வேறு, ஆன்லைன் வேறு, இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. இதழியல் இரண்டு முறையிலும் உண்டு என்பதால் விண்ணப்பத்தில் மாற்றித் தட்டிவிட வாய்ப்பு அதிகம்.

நடுவில் ஆள் சேர்த்துவிடும் தனியார் கம்பெனிக்காரர்கள் போன் போட்டு "மேம், கடைசி ரெண்டு சீட்" என்று உயிரை எடுப்பார்கள். ஆன்லைன் எம்.ஏ.வுக்கு எங்கிருந்து வந்தது கடைசி சீட்? பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறு நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் கொடுக்க விதியில் இடமே இல்லை. பணத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில், பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள்.

படி 3: ஏபிசி ஐடி, டெப் ஐடி, இனிஷியல்

எனக்கு நாள்கணக்கில் இழுத்த இடம் இது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2024-லிருந்து ஆன்லைன், தொலைநிலைப் படிப்பு எதில் சேர்ந்தாலும் டெப் ஐடி கட்டாயம், அதாவது மேலே சொன்ன யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் (டெப்) தளத்தில் வாங்கும் மாணவர் எண். அது வாங்க முதலில் ஏபிசி ஐடி வேண்டும், அதாவது கிரெடிட் வங்கிக் கணக்கு, இப்போது அபார் என்றும் சொல்கிறார்கள். டிஜிலாக்கரில் நுழைந்தால் ஆதாரை வைத்துப் பன்னிரண்டு இலக்க எண் வந்துவிடும். அதை டெப் தளத்தில் போட்டு, பிளஸ் டூ, டிகிரி விவரங்களை நிரப்பினால் டெப் ஐடி. ஒரு தடவை வாங்கினால் போதும், அடுத்த படிப்புக்கும் அதேதான்.

சொல்லும்போது சுலபம். சிக்கல் என்னவென்றால் இந்தச் சங்கிலி முழுக்க ஆதாரில் இருக்கும் பெயரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வடக்கே முதல் பெயர், குடும்பப் பெயர் என்று எல்லாச் சான்றிதழிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கலைவாணி ப", கல்லூரிச் சான்றிதழில் "ப.கலைவாணி", பான் கார்டில் "கலைவாணி பழனிச்சாமி", ஆதாரில் இனிஷியலே இல்லாமல் வெறும் "கலைவாணி". நமக்கு நான்கும் ஒரே ஆள். ஃபாரத்துக்கு நான்கு ஆள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் டெப் ஐடியைப் போட்டதும் பெயர்ப் பெட்டி தானாக நிரம்பிப் பூட்டிக்கொள்ளும், திருத்த முடியாது. கீழே மார்க் ஷீட்டை ஏற்றினால் சரிபார்ப்பில் திருப்பி அனுப்புவார்கள்.

வரிசை இதுதான். ஐடி எதையும் தொடாமல் முதலில் எல்லாச் சான்றிதழையும் மேஜையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட ஒப்பிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தப் போகாதீர்கள், அது ஆயுசுக்கும் இழுக்கும். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஒத்துப்போகுமாறு மாற்றுங்கள். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே முறைதான் மாற்றலாம். அதனால் சேவை மையத்தில் தட்டச்சு செய்பவரிடம் பெயரை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டி, ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஆதாரில் மாறியதும் டிஜிலாக்கரில் பழைய பெயரே நின்றால் ஆதாரை அங்கே மறுபடி சரிபார்த்துப் புதுப்பியுங்கள். புதுப் பெயர் தெரிந்த பிறகுதான் ஏபிசி, அதன் பிறகுதான் டெப்.

வெறும் இனிஷியல் வித்தியாசம் என்றால் சில பல்கலைக்கழகங்கள் "இருவரும் ஒருவரே" என்று நோட்டரி அபிடவிட் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகின்றன. மெயில் போட்டுப் பதில் வாங்கிய பிறகு முத்திரைத்தாள் வாங்குங்கள்.

படி 4: படிப்பது

விண்ணப்பம், கட்டணம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி. பருவத்துக்கு ஐந்து தாள் வந்தால் 600 மணி, வாரத்துக்கு இருபத்து மூன்று. வேலைக்குப் போகிற யாரும் அவ்வளவு படிப்பதில்லை, சரி, பாதியாவது ஒதுக்கப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது, ஏதாவது ஒரு கல்யாணம் வந்துவிடும்.

மேற்கோள் குறிப்புக்கு ஸோடெரோ போடுங்கள், இலவசம், லிப்ரே ஆபீஸோடும் ஒட்டிக்கொள்ளும். அதே வேலையைச் செய்யும் மென்டலே எனக்குப் பிடிக்கவில்லை. தொடர்பியல் பாடங்களில் பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறைதான் கேட்பார்கள், அதன் ஏழாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும். ஒன்று கவனியுங்கள்: நம் ஆசிரியர்களின் பெயரை ஸோடெரோ இஷ்டத்துக்கு வெட்டும், தந்தை பெயரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஒற்றைப் பெட்டியாக மாற்றி முழுப் பெயரையும் அதில் போட்டுவிடுங்கள். இனிஷியல் இங்கேயும் விடாது.

மொத்த மதிப்பெண்ணில் பருவத் தேர்வின் பங்கு குறைந்தது 70 சதவீதம். அசைன்மென்ட்டை மட்டும் நம்பிக் கரையேற முடியாது. வீட்டிலிருந்து கேமரா முன் எழுதும் தேர்வாக இருந்தால் அறைக் கதவுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், பின்னால் யாராவது நடமாடினால் எச்சரிக்கை வரும். மின்சாரம் போனால் வைஃபையும் போகும், போன் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே லேப்டாப்பில் இணைத்துப் பார்த்து வையுங்கள்.

பிற்சேர்க்கை: இந்தப் பதிவுக்கு வந்த கேள்விகளில் பாதி கல்யாணமான பெண்களிடமிருந்து. டிகிரியில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். ஆதாரை மறுபடி அப்பா இனிஷியலுக்கு மாற்றினால் பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாம் இடிக்கும், இரண்டு வாய்ப்பில் ஒன்றும் போய்விடும். திருமணப் பதிவுச் சான்றிதழை வைத்து ஏற்றுக்கொள்கிறார்களா என்று சேர்க்கைப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் பட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இலங்கையிலிருந்து ஒரு அக்கா கேட்டது: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு டெப் ஐடி தேவையில்லை. பாஸ்போர்ட்டை வைத்து வெளிநாட்டு மாணவர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் வேறாக இருக்கும், அதைத் தனியாகப் பாருங்கள்.