செட்டிநாட்டுக்கு வரையப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம், வாட்டர்கலர் பழகிக்கொண்டிருக்கும் ஆறு பேரோடு கானாடுகாத்தானில் நாலு நாள் தங்கியிருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அதே தெருக்களில் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக அவர்களும் செய்தார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

தாளை வெயிலில் வைத்து வரைவது

இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் வரையும்போது தவறென்றே தெரியாது. என் முதல் பயணத்தில் காலை ஏழரைக்கே தெருவில் ஸ்டூலைப் போட்டு, ஒரு வீட்டின் சுண்ணாம்புச் சுவரையும் அதன் மேல் விழுந்த வேப்பமர நிழலையும் வரைந்தேன். அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது சுவர் பளிச்சென்று இருந்தது. ராத்திரி அறையில் டியூப்லைட்டில் எடுத்துப் பார்த்தால் சுவர் சாம்பல் பூசின மாதிரி, நிழல் கரிக்கட்டை. வெளிச்சம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த மூன்று நாளும் அப்படியே வரைந்தேன். 300 ஜிஎஸ்எம் கெட்டிப் பருத்தித் தாள், பதினோரு ஷீட், ஒன்றுகூடத் தேறவில்லை.

நேர் வெயில் பட்ட வெள்ளைத் தாள் கண்ணைக் கூச வைக்கும், அதன் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் வெளிறித்தான் தெரியும், அதனால் கை தன்னால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடர்த்தியாகப் பூசிக்கொண்டே போகும். கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்வதும் தீர்வில்லை, அது நிறத்தையே மாற்றிக் காட்டும்.

வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், திண்ணையில் இடம் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் சூரியனைப் பார்த்து உட்கார்ந்து பலகையை நிமிர்த்துங்கள், தாள் பலகையின் நிழலுக்குள் வந்துவிடும். கலர் கொஞ்சம் வழியும், பரவாயில்லை. குடை பிடித்தால் கறுப்புக் குடை. இந்தத் தடவை ஒருவர் சிவப்புக் குடையோடு வந்தார், தாள் முழுக்க ரோஸ் வெளிச்சம், சுவருக்கு என்ன நிறம் கலந்திருக்கிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை. அப்புறம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தாளை வாசற்படிக்கு உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள்.

நகரும் நிழலைத் துரத்துவது

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் தூணின் நிழல் வேறு எங்கேயோ இருக்கும். உட்கார்ந்ததும் நிழலின் ஓரங்களைப் பென்சிலால் குறித்துவிடுங்கள், பிறகு அது எங்கே போனாலும் குறித்ததை மாற்றாதீர்கள்.

நடுப்பகலில் தெருவில் உட்காருவது

சுவரெல்லாம் தட்டையாகிவிடும் நேரம் அது. ஆத்தங்குடிக்குப் போய், அனுமதி கேட்டுக்கொண்டு, டைல்ஸ் பட்டறையில் ஓரமாக நின்று பென்சிலில் வரையுங்கள். கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் கட்டங்களுக்குள் கலர் சிமெண்டை ஊற்றுகிற அந்தக் கையை மட்டும் ஒரு மணி நேரம் வரையலாம். அவ்வளவு நிதானமான கை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைப்பது

நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் வரிசைகட்டி நிற்கும். இரண்டை வரையுங்கள்.

பெட்டி நிறைய டியூப்

ஏழு போதும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தாலே சுண்ணாம்புச் சுவரின் நிழல் வந்துவிடும்.

கேட்காமல் ஆட்களை வரைவது

கேளுங்கள். வரைந்து முடித்ததும் காட்டுங்கள்.

பங்குனியில் போவது

வேண்டாம்.