கார் இன்ஜின் அலுமினியத்துக்கு வீட்டிலேயே பாலிஷ்

"அப்படியே பஃப்புல குடுத்தா பளபளன்னு வந்துராதுங்களா?" கோவைப் பக்கம் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வராது. பஃப் என்பது சுழலும் துணிச் சக்கரம்; அது மினுக்கும், கீறலை எடுக்காது. எமரியில் (உப்புத்தாளில்) விட்ட குறையெல்லாம் பஃப் போட்ட பிறகுதான் நன்றாகக் கண்ணை உறுத்தும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் கவர் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் ஆகிறதென்றால், எட்டு மணி நேரம் எமரிக்கே போகும்.

முதலில் பார்ட் எதில் செய்தது என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. பழைய அம்பாசடர் டாப்பெட் கவர் அந்த ரகம். காந்தம் ஒட்டாததெல்லாம் அலுமினியமும் ஆகிவிடாது, சில கவர்கள் மெக்னீசியம். உள்பக்கம் மறைவான இடத்தில் அரத்தால் லேசாக ராவிவிட்டு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம். அதன் தூள் சுலபமாகத் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும். வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது வார்ப்பு. மணல் வார்ப்பு என்றால் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். 80 அல்லது 120 நம்பர் எமரியில் தொடங்க வேண்டும் (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்). டை காஸ்டிங் (உலோக அச்சில் அழுத்தி வார்த்தது) என்றால் வழவழப்பான மெல்லிய தோல், அதற்குக் கீழே ஊசித்துளைகள். 220-ல் தொடங்கினால் போதும். துளை தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்கப் புதுத் துளைதான் திறக்கும்.

ஆயில் பிசுக்கை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு எடுத்து, சோப் ஆயிலும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். வார்ப்பின் துளைகளில் ஒளிந்திருக்கும் ஆயில் சூட்டில் கசிந்து வெளியே வரும். இன்னொரு முறை கழுவிக்கொள்ளலாம். திருப்பூரில் சாயப்பட்டறைக் காஸ்டிக் சோடா சுலபமாகக் கிடைக்கிறது என்று அதில் ஊறப்போட்டுவிடாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பார்ட் கறுத்துக் குழி விழும். பாத்ரூம் ஆசிட்டும் அப்படித்தான். பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவர் போதும், ரப்பர் கையுறையோடு, திறந்த வெளியில்.

கேஸ்கெட் (ஆயில் ஒழுகாமல் இடையில் வைக்கும் அடைப்பு) உட்காரும் முகம், போல்ட் தலை உட்காரும் வட்டம், சீல் பொருந்தும் ஓட்டை, இவற்றின் மேல் எமரியோ பஃப்போ படக் கூடாது. அங்கே கொஞ்சம் வளைந்தாலும் ஆயில் ஒழுகும். மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, ஆயில் போகும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

எமரி வரிசை 120, 220, 320, 400, 600, 800, 1000. சொரசொரப்பான நம்பர்களில் மூன்று மூன்று தாள், மற்றவை இரண்டிரண்டு வாங்கினால் நான்கு சிலிண்டர் ஹெட் கவருக்குச் சரியாக இருக்கும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போய் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் மறுபடி 220-க்கு வந்து நிற்கிறார்கள். பழைய ஹவாய் செருப்பிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் தாளைச் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் குழியும். 320 வரை தாளில் இரண்டு சொட்டு டீசல் விட்டுக்கொண்டால் அலுமினியத் தூள் அடைக்காது. 400 முதல் வாட்டர் பேப்பர், சோப் ஆயில் கலந்த தண்ணீர்.

ஒரு நம்பரை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேயுங்கள். மாற்றும் முன் மார்க்கர் பேனாவால் மேலே கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். புது நம்பரில் அந்தக் கோடும் முந்தின திசைக் கீறலும் முழுதாகப் போன பிறகுதான் அடுத்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் பார்ட்டையும் கையையும் கழுவுங்கள். 220-ன் ஒரே ஒரு மணல் துகள் 1000-த்தில் நுழைந்தால் அரை மணி நேர வேலை போச்சு. எழுத்து வார்த்திருக்கும் இடத்தில் மேடான முகத்தை மட்டும் மினுக்கி, பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் விடுவதே அழகு.

இனி பஃப். 2800 ஆர்பிஎம் பெஞ்ச் கிரைண்டரில் 6 அங்குலப் பஃப் அலுமினியத்துக்குத் தோதானது. ஹேண்ட் டிரில்லில் 4 அங்குலம் போட்டாலும் ஆகும், நேரம்தான் கூடும். மில் ஸ்டோர்ஸில் கேட்டால் தையல் பஃப்பும் லூஸ் பஃப்பும் கிடைக்கும். தையல் பஃப்பில் பழுப்பு பஃபிங் சோப்பு (குளிக்கும் சோப்பல்ல, பஃப்பில் தடவும் பாலிஷ் கட்டி). அடுத்து லூஸ் பஃப்பில் வெள்ளை சோப்பு. பச்சை எவர்சில்வருக்கு. சோப்புக்கு ஒரு பஃப் என்று தனித்தனியாக வையுங்கள். எவர்சில்வர் பார்த்த பழைய பஃப்பில் இரும்புத் தூள் சிக்கியிருக்கும், அது புதுக்கீறல் போடும்.

ஓடும் பஃப்பில் சோப்பை ஒரு நொடி காட்டினால் போதும். அதிகமானால் கறுப்புப் பிசுக்குக் கோடு கோடாகப் படியும். மைதாவைத் தூவி, திருப்பூர் வெள்ளைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் அது போய்விடும். காட்டன்தானா என்று பார்த்து எடுங்கள், பாலியெஸ்டர் கலந்தது கீறும். ஒரே இடத்தில் நின்று அழுத்தினால் சூடேறி மேற்பரப்பு அலையலையாகும். கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் ஆறவிடுங்கள்.

பார்ட்டை எப்போதும் பஃப்பின் நடுமட்டத்துக்குக் கீழே, விளிம்பு கீழ்நோக்கிச் சாய்ந்தபடி காட்டுங்கள். மேல் விளிம்பு மாட்டினால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். வேட்டி, லுங்கி, துண்டு, துணிக் கையுறை எதுவும் கிட்டே வேண்டாம்; கண்ணாடி, என்-95 மாஸ்க் கட்டாயம். அதே கிரைண்டரின் சாணைக்கல்லில் அலுமினியத்தைப் பிடிக்கவே கூடாது. கல்லின் துளை அடைத்து, சூடேறி, கல் வெடிக்கலாம். அலுமினியத் தூள் கிடக்கும் இடத்தில் இரும்பை அறுத்துப் பொறி பறக்கவிடுவதும் ஆபத்து.

செட்டிபாளையம் ட்ராக்கில் கார் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, இன்டேக் போர்ட்டுக்குள்ளும் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) கண்ணாடி போல மினுக்கக் கிளம்புகிறார்கள் சிலர். தேவையில்லை. போர்ட்டில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினில் சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதே நல்லது. சுவரில் படியும் பெட்ரோல் காற்றோடு கலக்க அது உதவும்.

மாட்டுவதற்கு முன் கழுவுவதில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது. எமரித் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். ஹெட் கவரின் உள்ளே ஆயில் தடுப்புத் தகடு இருந்தால், முடிந்தால் கழற்றி, இல்லையென்றால் அதற்குள் சோப்பு வெந்நீரைப் பலமுறை பாய்ச்சி, கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் சாம்பல் கறை வரக் கூடாது. கடைசி அலசலுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருந்தால் நல்லது. பல்லடம் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குங்கள். மேலே மெழுகு போட்டால் ஹெட் கவர் சூட்டில் நிற்காது, கிளியர் கோட் நாளடைவில் மஞ்சளாகும். மங்கத் தொடங்கும்போது மெட்டல் பாலிஷ் பேஸ்ட்டைப் பனியன் துணியில் தொட்டுத் தேய்ப்பதே சுலபம். பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கத்து ஈரத்தில் அந்த வேலை அடிக்கடி வரும்.