விமானியாக விரும்புவோருக்கு: நிறையும் மருத்துவத் தகுதியும்

திருகோணமலையில் உயர்தரம் முடித்த பிள்ளையொன்று விமானியாக வேண்டும் என்று சொன்னால், வீட்டார் முதலில் கேட்பது "எத்தனை கிலோவுக்குள் இருக்க வேண்டும்?" என்பதுதான். சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருப்பதால், படைக்கு ஆட்சேர்க்கும்போது பார்க்கப்படும் உயரமும் நிறையுமே பயணிகள் விமானத்துக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணுகின்றனர். படையின் விதிகள் படைக்கு உரியவை. பயணிகள் விமான ஓட்டுநர் உரிமத்துக்கு அடிப்படையான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், கிலோக் கணக்கில் எந்த எல்லையையும் வகுக்கவில்லை. அந்த நிறை உடலுக்குள் என்ன செய்திருக்கிறது என்பதையே பரிசோதகர் ஆராய்கிறார். ஆகவே, பயிற்சிப் பள்ளிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னரே கீழுள்ள ஒழுங்கில் உங்களைச் சோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: எந்த வகுப்புச் சான்றிதழ்?

ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் வகுப்பு தனியார் விமானிக்கும், மூன்றாம் வகுப்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் உரியவை. பயணிகள் விமானமே இலக்கு என்றால் தொடக்கத்திலேயே முதலாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: கண்

நிறையைக் குறைக்கலாம், பிறவியிலேயே உள்ள நிறக்குருட்டை மாற்ற முடியாது. அதனால் இதை முதலில் பாருங்கள். கண் வைத்தியர் இஷிஹாரா ஏடுகளைக் காட்டுவார். பல நிறப் புள்ளிகள் நிறைந்த வட்டத்துக்குள் மறைந்திருக்கும் எண்ணை, ஏட்டை விரலால் தடவாமலும் நெடுநேரம் உற்றுப் பார்க்காமலும் சொல்ல வேண்டும். இதில் தவறினாலும் அடுத்த கட்டச் சோதனைகள் உண்டு என்பதால் அன்றே மனமுடைய வேண்டியதில்லை. தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9 (இயல்பான கண் 9 மீற்றரிலிருந்து காண்பதை 6 மீற்றரிலிருந்து காண்பது), இரு கண்களும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) என்ற அளவில் இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்து இந்த அளவை எட்டினாலும் போதும். ஆனால் பறக்கும்போது இன்னொரு கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது கட்டாயம்.

மூன்றாம் படி: நிறையைக் கணக்கிடுதல்

காலையில் மலசலம் கழித்த பின், மெல்லிய உடையுடன் தராசில் ஏறுங்கள். உயரத்தை அளக்கும்போது குதிகால் சுவரில் படும்படி வெறுங்காலுடன் நின்று, தலைமேல் தடித்த புத்தகமொன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடிடுங்கள். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். 1.68 மீற்றர் உயரமும் 74 கிலோ நிறையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 26.2.

ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்றும், 27.5க்கு மேல் அது அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் நெறிமுறைப்படி, சுட்டி 35ஐ எட்டியவருக்கு இதயநோய் ஆபத்தையும் உறக்க மூச்சுத்தடையையும் (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய்) ஆராய்ந்த பின்னரே தகுதி வழங்கலாம். எனவே 26 என்ற எண் உங்கள் கனவை முடித்துவிடாது. இடுப்புச் சுற்றளவைக் கவனிக்கத் தொடங்குங்கள் என்றே அது சொல்கிறது.

உறக்க மூச்சுத்தடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்? 2008 பெப்ரவரியில் ஹவாயில், ஹொனலுலுவிலிருந்து ஹிலோவுக்குப் பறந்த பயணிகள் விமானமொன்றின் இரு விமானிகளும் உறங்கிவிட, விமானம் சேருமிடத்தைத் தாண்டிச் சென்றது. பின்னர் அது பத்திரமாகத் தரையிறங்கியது. விசாரணையின்போது, தலைமை விமானிக்குக் கடுமையான உறக்க மூச்சுத்தடை இருந்தது தெரியவந்தது. பலத்த குறட்டையும் பகல்நேரத் தூக்கமும் உள்ளவர்கள், எண் எதுவாக இருந்தாலும், வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: குருதியமுக்கமும் சீனியும்

என் கருத்தில், நம் பகுதி இளைஞர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால், இருபது வயதிலேயே வெறுவயிற்றுக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குருதியமுக்கத்தை அளக்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். நண்பகல் வெயிலில் சைக்கிள் மிதித்துவந்த கையோடும், தேநீர் குடித்த கையோடும் எடுக்கும் அளவு சரியாக அமையாது.

பரிசோதனை நெருங்கும்போது பட்டினி கிடந்து நிறையைக் குறைக்க முயல வேண்டாம். நீண்ட பட்டினியால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன்கள் என்ற பொருட்கள் சிறுநீரில் தோன்றக்கூடும். அது தேவையற்ற மேற்பரிசோதனைகளுக்கு வழிவகுக்கும். பல மாதங்களுக்கு முன்பே இரவுக் கொத்துரொட்டியையும் இனிப்புப் பானங்களையும் குறைத்து, உட்துறைமுகக் கரையோரமாக விரைந்து நடப்பது பயன் தரும்.

ஐந்தாம் படி: பரிசோதனை நாள்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த பரிசோதகரிடமே செல்ல வேண்டும். அதிகாரசபையின் தலைமையகம் கட்டுநாயக்கவில் உள்ளது. இரவு முழுவதும் பேருந்தில் விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் போய் இறங்கினால் குருதியமுக்கம் கூடலாம் என்பதால், முதல் நாளே சென்று தங்குங்கள். இதயமின் வரைபு, கேட்டல் சோதனை, குருதி, சிறுநீர் ஆகியவை பார்க்கப்படும். கேட்டல் சோதனைக்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் உங்கள் நோய் வரலாற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். சிறுவயது ஆஸ்துமாவோ, வலிப்போ, மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சையோ இருந்தால் முழுமையாக எழுதி, பழைய வைத்தியசாலை அட்டைகளையும் கொண்டுசெல்லுங்கள். எழுதிய நோய்க்கு வைத்தியர் வழி தேடக்கூடும்; மறைத்தது பின்னர் தெரியவந்தால் உரிமத்துக்கே ஆபத்து.

சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். 60 வயதைக் கடந்த விமானிக்கு அது 6 மாதங்களாகக் குறையும். இடையில் உடல்நிலை தளர்ந்தாலோ புதிய மருந்தொன்றைத் தொடங்கினாலோ, சான்றிதழின் காலம் மீதமிருந்தாலும், பரிசோதகரைக் கேட்காமல் விமானத்தில் ஏறி அமரக்கூடாது. சாதாரணத் தடிமனுக்கு மருந்துக்கடையில் வாங்கும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும்.